நோமோட்செட்: ஒரு கறுப்புத் திரையின் வரலாறு

லேப்டாப்பில் லினக்ஸ் போட முயன்ற பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பென் டிரைவில் ஐஎஸ்ஓ-வை எழுதி, பூட் பண்ணி, மெனு வந்ததும் எண்டரைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும். ஃபேன் ஓடும், கேப்ஸ் லாக் விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் இருக்காது. விசாரித்தால் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள். க்ரப் மெனுவில் 'இ' பட்டனை அழுத்து, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று சேர்த்துவிட்டு எஃப்10 தட்டு. பெரும்பாலும் திரை வந்துவிடும். நாமும் அதோடு விட்டுவிடுவோம்.

அந்த ஒற்றைச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அது எப்போது வந்தது, வைஃபைக்கோ சவுண்டுக்கோ இல்லாத இவ்வளவு தொல்லை கிராபிக்ஸுக்கு மட்டும் ஏன் என்று தேடிப் பார்த்தபோது எழுதி வைத்த குறிப்புகள் இவை. ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பின்னாலும் ஒரு பழைய சண்டை இருக்கிறது. அந்தச் சண்டை தெரிந்தால் எந்த வைத்தியத்தை எப்போது செய்ய வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

மானிட்டரே போய்விடும் என்ற பயம்

லினக்ஸுக்கு முன்பே திரைக்கு ஒரு மென்பொருள் இருந்தது. 1984-ல் எம்ஐடியில் பாப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் இருவரும் தொடங்கிய எக்ஸ் விண்டோ சிஸ்டம் அது. 1987-ல் அதன் 11-வது பதிப்பு வந்தது. இன்றும் நாம் 'எக்ஸ்11' என்று சொல்வது அதைத்தான். பல்கலைக்கழகங்களின் விலை உயர்ந்த ஒர்க்ஸ்டேஷன்களுக்காக எழுதப்பட்டதை சாதாரண பிசிக்குக் கொண்டுவந்தது 1992-ல் தொடங்கிய எக்ஸ்ஃப்ரீ86 என்ற திட்டம். லினக்ஸ் அப்போது ஒரு வயதுக் குழந்தை.

இதில் ஒரு முக்கியமான ஏற்பாட்டைக் கவனியுங்கள். கிராபிக்ஸ் கார்டோடு நேரடியாகப் பேசியது கர்னல் இல்லை, எக்ஸ்தான். ரூட் அதிகாரத்தோடு ஓடி, கார்டின் பதிவேடுகளில் தானே கை வைக்கும். கர்னல் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும்.

தொண்ணூறுகளின் இறுதியில் மாத இதழோடு இலவசமாக வந்த சிடியை வைத்து லினக்ஸ் போட்டவர்களுக்கு எக்ஸ்எஃப்86கான்ஃபிக் என்ற ஃபைல் மறக்காது. எங்கள் பொறியியல் கல்லூரி லேபில் அதை ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தோம். மானிட்டரின் கிடைமட்ட அதிர்வெண், செங்குத்து அதிர்வெண் இரண்டையும் மானிட்டரோடு வந்த கையேட்டைப் பார்த்து எழுத வேண்டும். கூடவே 'மோட்லைன்' என்ற ஒரு வரி, அதில் வரிசையாக ஒன்பது எண்கள். தப்பான எண் கொடுத்தால் பழைய சிஆர்டி மானிட்டர் கெட்டுப்போகலாம் என்று ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கும். அந்தக் காலத்தில் மானிட்டர் என்பது வீட்டில் பெரிய முதலீடு. அதனால் பலர் 640-க்கு 480-லேயே திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

பிறகு மானிட்டரே 'நான் இன்னது, எனக்கு இந்த அளவுகள் ஒத்துவரும்' என்று கேபிள் வழியாகச் சொல்லும் ஈடிஐடி முறை பரவியது. கையால் எண் எழுதும் வேலை மெல்ல மறைந்தது.

அகலத் திரை வந்தபோது

2004, 2005 வாக்கில் லேப்டாப் திரைகள் அகலமாயின. 1024-க்கு 768 போய் 1280-க்கு 800 வந்தது. இங்கேதான் லேப்டாப்புக்கே உரிய முதல் தொல்லை ஆரம்பம்.

அப்போது இன்டெல் சிப்செட்டுக்கான எக்ஸ் டிரைவர், திரையின் அளவைத் தானாக அமைக்காது. கிராபிக்ஸ் சிப்போடு வரும் வீடியோ பயாஸிடம் 'இந்த அளவை வை' என்று கேட்கும். பயாஸில் இருக்கும் பட்டியலில் எந்த அளவு இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். பல லேப்டாப்களில் அந்தப் பட்டியல் பழைய 4:3 அளவுகளோடு நின்றுவிட்டது. 1280-க்கு 800 அதில் இல்லவே இல்லை. விண்டோஸ் டிரைவர் பயாஸை நம்பாமல் தானே செய்துகொண்டதால் கடையில் யாருக்கும் இது தெரியவில்லை. லினக்ஸ் போட்டவருக்கு மட்டும் எழுத்தெல்லாம் இழுத்துவிட்ட மாதிரி பிசிறாகத் தெரியும்.

இதற்கு வந்த தீர்வின் பெயர் '915ரெசல்யூஷன்'. மெமரியில் இருக்கும் வீடியோ பயாஸின் நகலில், பயன்படாத ஓர் அளவை அழித்துவிட்டு அந்த இடத்தில் 1280-க்கு 800 என்று எழுதிவிடும் சின்ன புரோகிராம் அது. மெமரி நகல் என்பதால் மெஷினை அணைத்தால் போய்விடும். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் திரும்ப எழுத வேண்டும். கேட்கவே விநோதமாக இருந்தாலும் அருமையாக வேலை செய்தது. 2007-ல் இன்டெல்லின் எக்ஸ் டிரைவர் 2.0 வந்து, பயாஸைக் கேட்காமல் தானே அளவை அமைக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் இது ஓய்வு பெற்றது.

மோட்செட் என்றால் இதுதான். திரையின் அளவு, நிற ஆழம், அதிர்வெண் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு 'மோட்'. அதை அமைப்பது மோட் செட்டிங்.

கர்னலுக்கு மாறிய பொறுப்பு

எக்ஸே கார்டைக் கையில் வைத்திருந்ததில் பல சிக்கல்கள். பூட் ஆகும்போது திரை இரண்டு மூன்று முறை மினுக்கும். எக்ஸ் செயலிழந்தால் திரை அப்படியே உறைந்துவிடும், கர்னலின் பிழைச் செய்தியைக் காட்டக்கூட வழி இருக்காது. லேப்டாப்பை மூடி சஸ்பெண்ட் செய்து மறுபடி திறந்தால், கார்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு கர்னலுக்கா எக்ஸுக்கா என்று யாருக்கும் தெளிவில்லை. அன்றைய லினக்ஸ் லேப்டாப்களில் மூடித் திறந்தால் திரை வராமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அதனால் மோட் அமைக்கும் வேலையைக் கர்னலுக்குள் கொண்டுபோனார்கள். கர்னல் மோட் செட்டிங், சுருக்கமாக கேஎம்எஸ். 2009 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.29-ல் இன்டெல்லுக்கு இது வந்தது. அதே வருடம் 2.6.31-ல் ரேடியானுக்கு, 2010 பிப்ரவரியில் 2.6.33-ல் என்விடியாவுக்கான நூவோ டிரைவருக்கு.

புதிதாக வந்த எதிலும் கோளாறு இருக்கும். சில மெஷின்களில் கர்னல் மோடை மாற்றப் போய் திரை கறுத்துவிட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பின்வாசல் தேவைப்பட்டது. அந்தப் பின்வாசல்தான் நோமோட்செட். 'நீ மோடில் கை வைக்காதே, பயாஸ் எப்படி வைத்துக் கொடுத்ததோ அப்படியே இருக்கட்டும்' என்று கர்னலுக்குச் சொல்வது.

இன்று அதன் விளைவு பெயர் சொல்வதைவிடப் பெரியது. கிராபிக்ஸ் டிரைவர்கள் எல்லாம் மோட் அமைப்பைக் கர்னலில்தான் வைத்திருக்கின்றன. அதை வேண்டாம் என்றால் டிரைவரே லோட் ஆகாது. படம் வரும், ஆனால் எல்லா வேலையையும் சிபியு செய்யும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள் பெரும்பாலும் வேலை செய்யாது. எச்டிஎம்ஐயில் புரொஜெக்டர் மாட்டினால் வராது. வீடியோ பார்த்தால் மெஷின் கொதிக்கும். ஆகவே நோமோட்செட் என்பது ஆம்புலன்ஸ் மாதிரி, ஆஸ்பத்திரி வரை போக மட்டும்தான். உள்ளே நுழைந்து சரியான டிரைவரைப் போட்டதும் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். 'நிறுவிவிட்டேன், ஆனால் லினக்ஸ் ரொம்ப ஸ்லோ' என்று சொல்பவர்களின் க்ரப் ஃபைலைத் திறந்து பாருங்கள். நிறைய இடங்களில் இந்தச் சொல் வருடக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ஆவணம் கொடுத்தவர், கொடுக்காதவர்

சரி, டிரைவர் ஏன் முதலிலேயே ஒழுங்காக இருப்பதில்லை? ஒரு கிராபிக்ஸ் சிப்பில் ஆயிரக்கணக்கான பதிவேடுகள் இருக்கும். எதில் என்ன எழுதினால் என்ன நடக்கும் என்பது செய்த கம்பெனிக்குத்தான் தெரியும். அதை அவர்கள் சொல்லாவிட்டால் டிரைவர் எழுதுவது இருட்டில் சுவரைத் தடவுகிற கதைதான்.

இன்டெல் தன் ஆட்களையே வைத்துத் திறந்த டிரைவர் எழுதியது. ஏடிஐயை 2006-ல் வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்து, வெளியிடவும் தொடங்கியது. என்விடியா வேறு வழியில் போனது. 2000-ஆம் ஆண்டிலிருந்தே லினக்ஸுக்கு வேகமான டிரைவர் கொடுத்தது, ஆனால் மூடிய பெட்டியாக. கர்னல் மாறும்போதெல்லாம் அதோடு ஒட்டும் பகுதியை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கர்னல் அப்டேட்டுக்கு மறுநாள் காலை திரை வராமல் போவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்கு மாற்றாக ஸ்டெஃபான் மார்ஷெசன் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கி வைத்த திட்டம் நூவோ. பிரெஞ்சில் 'புதியது' என்று பொருள். ஆவணம் இல்லாமல் எப்படி எழுதினார்கள்? மூடிய டிரைவரை ஓடவிட்டு, அது சிப்பின் எந்த முகவரியில் என்ன எழுதுகிறது என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். இதற்காகவே எழுதப்பட்ட எம்எம்ஐஓட்ரேஸ் என்ற கருவி 2008-ல் கர்னலிலேயே சேர்க்கப்பட்டது. ஒரு முக்கோணம் வரையச் சொல், பதிவைப் பார். நிறத்தை மாற்றி வரையச் சொல், எந்த எண் மாறியது என்று பார். தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் செய்த வேலை இது. நம் லேப்டாப்பில் இன்ஸ்டாலர் திரை தெரிகிறதே, அதற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

இரண்டு சிப், ஒரு திரை

2010 பிப்ரவரியில் என்விடியா ஆப்டிமஸ் என்ற நுட்பத்தை அறிவித்தது. லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப். திரையோடு கம்பி இணைப்பு இன்டெல் சிப்புக்கு மட்டும். கேம் விளையாடும்போது என்விடியா விழித்து, படத்தை வரைந்து, இன்டெல்லின் மெமரியில் நகலெடுத்துப் போடும். வேலை முடிந்ததும் தூங்கிவிடும். பேட்டரிக்கு நல்ல யோசனைதான்.

லினக்ஸில் இது வந்தபோது எல்லாம் குழம்பியது. என்விடியாவின் டிரைவரைப் போட்டால், அது தனக்கு நேராக இணைந்த திரையைத் தேடும். அப்படி ஒன்று இல்லை என்பதால் 'ஸ்க்ரீன் எதுவும் கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும். போடாமல் விட்டால் அந்தச் சிப் அணையாமல் சும்மாவே ஓடி பேட்டரியைத் தின்று மடியைச் சுடும். காசு கொடுத்து வாங்கிய சிப்பைப் பயன்படுத்தவும் முடியாது, அணைக்கவும் முடியாது.

2011-ல் மார்ட்டின் யூல் என்பவர் பம்பிள்பீ என்ற திட்டத்தைத் தொடங்கினார். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படம் பார்த்தவர்களுக்கு ஆப்டிமஸ், பம்பிள்பீ தொடர்பு உடனே புரியும். கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது எக்ஸ் சர்வரை என்விடியாவில் ஓடவிட்டு, அது வரைந்த படத்தை இன்டெல் திரைக்குக் கடத்திக்கொண்டு வருவது அதன் உத்தி. அதே வருடம் அதன் இன்ஸ்டால் ஸ்க்ரிப்டில் ஒரு ஃபோல்டரை அழிக்கும் வரியில் 'யுஎஸ்ஆர்' என்பதற்குப் பிறகு தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. விளைவு, ஒரு சின்ன ஃபோல்டருக்குப் பதிலாக யுஎஸ்ஆர் முழுவதையும் அழிக்கும் கட்டளையாகிவிட்டது. உடனே திருத்தினார்கள் என்றாலும் கணினி உலகின் பிரபலமான ஒற்றை இடைவெளியாக அது நிலைத்துவிட்டது. சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். கோடிக்கணக்கில் விற்கும் ஒரு சாதனத்தை இயக்க, ஓய்வு நேரத்தில் எழுதிய ஒரு ஸ்க்ரிப்டை ரூட் அதிகாரத்தோடு ஓடவிடுவதைத் தவிர ஜனங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி என்விடியாவைத் திட்டிய வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த விரலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், கேட்கப்பட்ட கேள்வியை மறந்துவிட்டார்கள். பார்வையாளர்களில் ஒரு பெண், ஆப்டிமஸ் லேப்டாப்பில் லினக்ஸுக்கு என்விடியா ஆதரவு தராதது பற்றித்தான் கேட்டார். மேலே சொன்ன அதே பிரச்சினை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு சிப்கள் படத்தைப் பகிர்ந்துகொள்ள டிஎம்ஏ-பஃப் என்ற ஏற்பாடு 2012-ல் லினக்ஸ் 3.3-ல் வந்தது. அதன் ஃபங்க்ஷன்களை ஜிபிஎல் உரிமம் கொண்ட கோடு மட்டும் அழைக்கலாம் என்று குறித்திருந்தார்கள். அந்தக் குறியை எடுத்துவிடும்படி அதே வருடம் என்விடியாவின் பொறியாளர் ஒருவர் கேட்டார். ஆலன் காக்ஸ் உள்ளிட்ட கர்னல்காரர்கள் சம்மதிக்கவில்லை. என் கோட் ஜிபிஎல், மூடிய டிரைவர் அதில் ஒட்டிக்கொள்ள நான் அனுமதிக்க மாட்டேன் என்பது அவர்கள் வாதம். கொள்கை அளவில் அது நியாயம். ஆனால் அந்த நியாயத்தின் விலையையும் லேப்டாப் வைத்திருந்தவர்தான் கொடுத்தார். 2013-ல் 319 வரிசை டிரைவரில் என்விடியா வேறு வழியாக ஆப்டிமஸ் ஆதரவைக் கொடுத்தது. விண்டோஸில் போல ஒரு புரோகிராமை மட்டும் என்விடியாவில் ஓட்டும் வசதி, 'பிரைம் ரெண்டர் ஆஃப்லோட்' என்ற பெயரில் 435 வரிசையில் வந்தபோது வருடம் 2019. நுட்பம் அறிமுகமாகி ஒன்பது வருடங்கள்.

பூட்டிய கதவும் இடையில் சிக்கிய தலைமுறையும்

நூவோவுக்கு 2014-ல் பெரிய அடி விழுந்தது. ஜிடிஎக்ஸ் 900 தலைமுறையிலிருந்து, என்விடியாவின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள ஃபர்ம்வேரை மட்டுமே சிப் ஏற்கும். சிப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபர்ம்வேர் நூவோவுக்குத் தரப்படவில்லை. அதனால் கார்டு பூட் ஆகும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையொப்பத்தை ஊகிக்க முடியாது. பதிவைப் பார்த்துப் படிக்கும் வித்தை அங்கே முடிந்துபோனது.

2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. பலர் கொண்டாடினார்கள். ஆனால் அது டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டும். அவற்றில் சிப்புக்குள்ளேயே ஜிஎஸ்பி என்ற சின்ன பிராசஸர் இருக்கிறது. ரகசியங்களில் பெரும்பகுதியை அதன் ஃபர்ம்வேருக்குள் நகர்த்திவிட்டார்கள். வெளியே இருக்கும் டிரைவரைத் திறந்து காட்ட அதனால் தடையில்லாமல் போனது. அதே ஃபர்ம்வேரைப் பயன்படுத்தி ரஸ்ட் மொழியில் நோவா என்ற புதிய டிரைவரும் இப்போது கர்னலுக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இடையில் சிக்கியது ஜிடிஎக்ஸ் 900, 1000 தலைமுறை. கையொப்பப் பூட்டு உண்டு, ஜிஎஸ்பி கிடையாது. நூவோவில் வேகம் வராது, திறந்த டிரைவரிலும் இடமில்லை. மூடிய டிரைவர் ஒன்றுதான் கதி. 580 வரிசைதான் அவற்றுக்குக் கடைசி என்று 2025-ல் என்விடியா அறிவித்துவிட்டது. இதற்கு முன் 390 வரிசை 2022-ல் முடிந்தபோது ஃபெர்மி தலைமுறைக்கும் இதே கதைதான்.

இதை எழுதக் காரணமே இதுதான். இன்று செகண்ட் ஹேண்ட் கடைகளில் கல்லூரிப் பிள்ளைகள் தேடி வாங்கும் 'கிராபிக்ஸ் கார்டு உள்ள' லேப்டாப்களில் கணிசமானவை இந்தத் தலைமுறைதான். இரும்பு நன்றாகவே இருக்கும். புதிய கர்னலோடு பேசும் மென்பொருள்தான் நின்றுபோகும். ஒப்பிட்டுப் பாருங்கள், 2002-ல் வந்த ஏடிஐயின் ஆர்300 குடும்பத்துக்கு மேசாவில் இன்றும் டிரைவர் இருக்கிறது. அந்தக் கார்டுகளைச் செய்த கம்பெனியே இப்போது தனியாக இல்லை. ஒரு பொருளின் ஆயுளைத் தீர்மானிப்பது அது எப்படிச் செய்யப்பட்டது என்பது மட்டுமல்ல, அதைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது என்பதும்தான்.

வரலாறு சொல்லும் வைத்தியம்

கறுப்புத் திரை வந்தால் முதலில் எந்தச் சிப், எந்த டிரைவர் என்று பாருங்கள். நோமோட்செட் போட்டு உள்ளே போய் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'கே' என்ற ஆப்ஷனோடு கொடுத்தால் இரண்டு சிப் இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் எந்த டிரைவர்கள் பொருந்தும் என்று காட்டும். அந்தச் சொல் இல்லாமல் பூட் ஆகும்போது எது உண்மையில் ஓடுகிறது என்பதையும் அதுவே சொல்லும்.

இன்டெல் அல்லது ஏஎம்டி மட்டும் என்றால் தனியாக டிரைவர் தேடி அலைய வேண்டாம். கர்னலிலும் மேசாவிலும் எல்லாம் இருக்கிறது. சிப் புத்தம் புதிது என்றால் பழைய டிஸ்ட்ரோவின் கர்னலுக்கு அதைத் தெரியாது, அவ்வளவுதான். புதிய கர்னல் உள்ள பதிப்பைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

என்விடியா இருந்தால் டிஸ்ட்ரோ தரும் பேக்கேஜையே போடுங்கள். கம்பெனி தளத்திலிருந்து இறக்கிய 'ரன்' ஃபைலைப் போட்டால் அடுத்த கர்னல் அப்டேட்டில் ஒட்டு விட்டுப்போக வாய்ப்பு அதிகம். டிரைவர் போட்ட பிறகும் லோட் ஆகவில்லை என்றால் செக்யூர் பூட்டைச் சந்தேகப்படுங்கள். 2012-ல் விண்டோஸ் 8-ஓடு பரவிய இந்த ஏற்பாட்டில், கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. உபுண்டுவில் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, ரீபூட்டில் நீலத் திரையில் 'எம்ஓகே' என்று ஒரு மெனு வரும். பலர் பயந்துபோய் அதைத் தாண்டிவிடுவார்கள். அங்கேதான் 'என்ரோல்' கொடுத்து அந்தப் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும்.

ஆதரவு முடிந்த தலைமுறை என்றால் அழ வேண்டியதில்லை. இரண்டு சிப் உள்ள லேப்டாப்பில் திரை இன்டெல்லோடுதான் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். என்விடியாவை விட்டுவிட்டு இன்டெல்லிலேயே ஓட்டலாம். படிப்பு, புரோகிராமிங், வீடியோ எல்லாவற்றுக்கும் அது போதும். கேம்தான் போகும். 2010-ல் எல்லோரையும் படாதபாடு படுத்திய அந்த இரட்டைச் சிப் ஏற்பாடுதான் இன்று பழைய லேப்டாப்பைக் காப்பாற்றுகிறது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று கேட்பதோடு, அந்தச் சிப்பின் டிரைவர் கர்னலுக்குள் இருக்கிறதா, கம்பெனியின் கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்த லேப்டாப் தம்பிக்கோ தங்கைக்கோ போகுமா, காயலான் கடைக்குப் போகுமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான் இருக்கும்.